நகரா கோபுரத்து முட்டை

முன்னொரு காலத்தில், பேரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், ஒரு ராஜா ஒரு பூனையைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

அவர் பெயர் உதயசேனர். அவருடைய கோட்டைக்குள் நகரா கோபுரம் என்று ஒன்று இருந்தது. விடிவதையும் பொழுது சாய்வதையும் ஊருக்குச் சொல்லும் பெரிய முரசு அதன் உச்சியில் இருந்தது. கீழே கருங்கல் தளம். ஒரு நாள் காலையில் புறாவைத் துரத்திக்கொண்டு போன பூனை ஒன்று அந்த உச்சியிலிருந்து கால் தவறி விழுந்தது. விழுந்த பூனை நாலு காலும் மடங்க ஒரு கணம் தரையோடு அப்பிக் கிடந்தது. பிறகு எழுந்து, முதுகை நக்கிக்கொண்டு, மடைப்பள்ளிப் பக்கமாக நடந்துவிட்டது.

மாடத்திலிருந்து ராஜா அதைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் அதே கல்லில்தான் அவருடைய மகன் அமரசேனன் விழுந்தான். எட்டு வயது. பிறந்தபோதே தாயை இழந்த பிள்ளை. அவன் எழுந்திருக்கவில்லை.

அன்றே சபை கூடியது. ராஜா சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"என் மகன் விழுந்த இடத்தில் இன்று ஒரு பூனை விழுந்தது. அது எழுந்து போய்விட்டது. என் மகன் ஏன் போகவில்லை?"

ஆஸ்தான பண்டிதர் மெல்ல எழுந்து, பூனையின் விதி வேறு, இளவரசரின் விதி வேறு என்றார். ராஜா அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அப்போது பிரதானி அனந்தகிரியார் எழுந்தார். அந்த நாட்டில் ராஜாவுக்கு அடுத்த அதிகாரம் அவருடையது. மெதுவாகப் பேசுவார், பேசி முடித்த பிறகுதான் எங்கே குத்தினார் என்று தெரியும்.

"பூனைக்குக் கூட்டாளிகள் கிடையாது, பிரபு. இளவரசருக்கு இருந்தார்கள்."

அவர் சொன்னது யாரை என்று எல்லோருக்கும் தெரியும். இளவரசன் விழுந்தபோது அவனோடு கோபுரத்தில் விளையாடிக்கொண்டிருந்தவை மூன்று பிள்ளைகள். யானைப்பாகன் மகள் காத்தாயி, முரசடிப்பவன் மகன் செவத்தான், மடைப்பள்ளியில் அரைக்கிறவளின் மகள் பூவாத்தா. பூவாத்தாவுக்குப் பால் பல்லே இன்னும் விழத் தொடங்கவில்லை. மூவரையும் பழைய யானைக் கொட்டாரத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். ராஜா அவர்களை விடவும் சொல்லவில்லை, தண்டிக்கவும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் கொட்டாரத்து வாசலில் வந்து உட்காருவதும், காவலர்கள் எழுப்பி விரட்டுவதுமாக நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

"அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டால் தங்கள் மனம் ஆறும்" என்றார் பிரதானி.

எல்லைக்கு அப்பால் இருந்தது முள்காடு. தண்ணீர் கிடையாது. போனவர் யாரும் பிழைத்ததாகச் செய்தி வந்ததில்லை.

சபையின் ஓரத்திலிருந்து உலகுடையான் எழுந்தான். அவன் அரண்மனை விகடகவி. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. இந்த மூன்று மாதத்தில் அவன் ஒரு தடவைகூட அந்த வேலையைச் செய்யவில்லை. தினமும் சபைக்கு வருவான், தன் இடத்தில் உட்காருவான், எழுந்து போவான். இளவரசனைத் தோளில் சுமந்து திரிந்தவன் அவன். வேடிக்கையாக ஏதாவது தோன்றினாலே யாரோ தொண்டையைப் பிடிப்பது போல் இருந்தது. 'சிரிக்க வைக்காதவனுக்கு எதற்குச் சோறு' என்று பிரதானி தன் ஆட்களிடம் சொல்லிவருவது அவன் காதுக்கும் வந்திருந்தது.

"பிரபு, அவை குழந்தைகள். கூட விளையாடின. வேறொன்றும் செய்யவில்லை" என்றான்.

ராஜா அவனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா, பூனை ஏன் பிழைத்தது என்று?"

"தெரியாது, பிரபு."

"தெரியாது என்று சொன்னவன் நீ ஒருவன்தான்." ராஜாவின் குரல் தணிந்து, மற்றவர்களுக்கு அச்சம் தருவதாக மாறியது. "சரி. என் பிள்ளையைக் காக்கத் தெரியாதவர்கள் ஒரு முட்டையையாவது காக்கட்டும். வருகிற பௌர்ணமியன்று நகரா கோபுரத்து உச்சியிலிருந்து ஒரு முட்டையை அவர்கள் கீழே போட வேண்டும். அது என் மகன் விழுந்த கல்லில் விழ வேண்டும். முழுசாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அந்த முட்டையை உடைப்பவர் யாராக இருந்தாலும் எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். திரும்பி வரக் கூடாது."

இப்படி ஒரு கட்டளையை அந்தச் சபை அதுவரை கேட்டதில்லை. பிரதானிக்கு மட்டும் அது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல் இருந்தது.

"உத்தமமான தீர்ப்பு, பிரபு. சில ஒழுங்குகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். முட்டையைக் கயிறு கட்டி இறக்கக் கூடாது. கல்லின் மேல் எதையும் விரிக்கக் கூடாது. யாரும் கையில் ஏந்தக் கூடாது. கொட்டாரத்துக்குள் என்ன கிடக்கிறதோ அதை மட்டும்தான் பயன்படுத்தலாம். முட்டையை அன்றைக்கு அரண்மனை கொடுக்கும். பிள்ளைகளுக்குப் பரிந்து பேசிய நம் விகடகவியே அவர்களுக்குக் கற்றும் கொடுக்கட்டும். உடைந்தால் அவரும் சேர்ந்து போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. உலகுடையானின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

*

கொட்டாரத்தில் யானை இல்லாமல் போய் வெகு காலம் ஆகியிருந்தது. நாற்றம் மட்டும் இருந்தது. ஒரு மூலையில் வைக்கோல், ஒரு மூலையில் யானை தின்று மிச்சம் வைத்த மூங்கில், தென்னை மட்டை, நைந்த நார்க்கயிறு, காய்ந்த பனையோலை. பிள்ளைகள் மூவரும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

உலகுடையான் பூனை விழுந்ததையும் ராஜாவின் கட்டளையையும் சொன்னான். மறைக்கவில்லை. பூவாத்தாவுக்குப் பாதிதான் புரிந்தது. காத்தாயிக்கு முழுவதும் புரிந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமா அய்யா, எப்பிடிப் போட்டா ஒடையாதுன்னு?"

"தெரியாதும்மா."

"அப்ப என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

உலகுடையான் செவத்தானைப் பார்த்தான். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு விழுந்தவனின் கையைப் பிடிக்கப் போனவன் அவன்தான். கை கிடைக்கவில்லை, அங்கவஸ்திரத்தின் நுனிதான் கிடைத்தது. அன்று மூடிய வாயை அவன் இன்னும் திறக்கவில்லை என்று காத்தாயி சொன்னாள்.

மறுநாள் உலகுடையான் மடைப்பள்ளிக்குப் போய், தனக்குத் தொண்டை கட்டிவிட்டது, விகடம் வராததற்கே அதுதான் காரணம், தினமும் ஒரு கூடை பச்சை முட்டை குடித்தால்தான் சரியாகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார் என்றான். மடைப்பள்ளிக்காரர்கள் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள். பூவாத்தாவின் தாய் அம்மியை விட்டு எழுந்து வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் கூடையை நிரப்பிக் கொடுத்தாள்.

முதல் முட்டையைக் காத்தாயி வைக்கோலில் சுற்றினாள். சுற்றிச் சுற்றி, மேலே நார்க்கயிற்றால் இறுக்கி, கட்டைபோல் ஆக்கினாள். உத்தரத்தின் மேல் ஏறிக் கீழே போட்டாள். கட்டு அவிழவே இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக ஒழுகியது. பூவாத்தா அழுதாள்.

"இம்புட்டுச் சுத்தியும் ஏன் ஒடைஞ்சுது?" என்றாள் காத்தாயி.

உலகுடையான் அந்தக் கேள்வியைத் திருப்பி அவர்களிடமே கேட்டான். தெரியாதவனுக்கு வேறு வழி என்ன இருக்கிறது. "எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு பாரு. மேலயா, கீழயா?"

கீழேதான் உடைந்திருந்தது. அதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது செவத்தான் எழுந்து வந்தான். இன்னொரு வைக்கோல் கட்டை அதே போல் இறுக்கிக் கட்டினான். அதன் மேல் விரலால் தட்டினான். முரசடிப்பவன் மகனுடைய விரல் அது. டங் என்று சத்தம் வந்தது. அவிழ்த்து உதறி, பொதபொதவென்று விட்டுத் தட்டினான். சத்தமே வரவில்லை.

"இறுக்கிக் கட்டினா வைக்கோலும் கல்லுதான்" என்றான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. காத்தாயி அவனைப் பார்க்காதது போல் இருந்தாள். பார்த்தால் மறுபடியும் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

அடுத்த முட்டையைத் தளர்ந்த வைக்கோலில் வைத்தார்கள். அது வைக்கோலை விலக்கிக்கொண்டு அடியில் போய் முட்டி உடைந்தது. நடுவிலேயே நிற்க வேண்டும் என்று தெரிந்தது. மூங்கிலைப் பிளந்து கூண்டு கட்டி, நார்க்கயிற்றைப் பிரித்து முறுக்கி, முட்டையை நடுவில் தூளி போல் தொங்கவிட்டார்கள். உத்தரத்திலிருந்து போட்டபோது முட்டை பிழைத்தது. பூவாத்தா அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். காவலனைக் கெஞ்சிக் கொட்டாரத்துக் கூரையில் ஏறிப் போட்டபோது செத்தது.

அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பிழைச்சுது, செத்துது. வேறு சொல் அவர்களுக்கு வரவில்லை. உலகுடையானும் திருத்தவில்லை.

கூண்டுக்குத் தடி மூங்கில் போட்டால் பலமாக இருக்கும் என்று நினைத்தார்கள். தடி மூங்கில் கூண்டு அசையாமல் இருந்தது; முட்டைதான் நொறுங்கியது. மூங்கிலைப் பிளந்த மெல்லிய பிளாச்சில் கட்டிய கூண்டு தரையில் பட்டதும் படபடவென்று ஒடிந்து சப்பளிந்து போனது. உள்ளே முட்டை முழுசாக இருந்தது. காத்தாயி அந்த ஒடிந்த கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"அய்யா, வுழுறப்ப முட்டைக்கு ஒண்ணும் ஆகல. தரை அதைச் சட்டுனு நிறுத்திப்புடுது. அதான் ஒடையுது. மூங்கி ஒண்ணொண்ணா ஒடிஞ்சா, கொஞ்சம் கொஞ்சமா நிக்குது. அதான் பொழைக்குது."

"பூனை?" என்றான் உலகுடையான்.

"பூனை விழுந்தா காலை மடக்கும்ல. அதுக்கு நாலு காலும் மூங்கி."

பூவாத்தா கேட்டாள், "சின்ன ராசா ஏன் காலை மடக்கல?"

செவத்தான் கூடையிலிருந்து அடுத்த முட்டையை எடுத்தான். உலகுடையான் வாசலுக்குப் போய், காவலனிடம் தண்ணீர் கேட்கிற பாவனையில் கொஞ்ச நேரம் நின்றான். முகம் சரியான பிறகு உள்ளே வந்தான்.

கூண்டு கோணல்மாணலாகப் புரண்டு விழுந்ததால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் அடிபட்டது. அதற்கு வழி கண்டது பூவாத்தா. பனையோலை நறுக்குகளைக் கூரையிலிருந்து பறக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்தவள், "கனமான பக்கம் எப்பவும் கீழ போகுது" என்றாள். கூண்டின் மேல் பக்கம் ஓலைகளை விசிறி போல் விரித்து வால் கட்டினார்கள். அதன் பிறகு கூண்டு புரளவில்லை. ஓலை காற்றைப் பிடித்துக்கொள்ள, சுற்றிக்கொண்டே நேராக இறங்கியது. முன்னைவிட மெதுவாகவும் இறங்கியது.

பௌர்ணமி வருவதற்குள் கொட்டாரத்துக் கூரையிலிருந்து போடுகிற முட்டைகள் பெரும்பாலும் பிழைத்தன. ஆனால் நகரா கோபுரம் அந்தக் கூரையைப் போல் எத்தனையோ மடங்கு உயரம்.

*

அன்றைக்குக் கோட்டைக்குள் ஊரே கூடியிருந்தது. கருங்கல் தளத்துக்குப் பக்கத்தில் ராஜாவுக்கு ஆசனம் போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை.

பிரதானி தாமே ஒரு வெள்ளித் தட்டில் முட்டையைக் கொண்டுவந்தார். அதன் ஒரு பக்கத்தில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. "அரண்மனை முட்டை. மங்கலமாகக் கொடுக்க வேண்டும் அல்லவா?" என்றார்.

காத்தாயி இரண்டு கையாலும் அதை வாங்கினாள். வாங்கியவள் முகம் மாறியது. கோபுரப் படியில் ஏறும்போது உலகுடையான் பக்கமாக வந்து, "அய்யா, இது சுடுது" என்றாள்.

உலகுடையான் முட்டையைக் காதருகே கொண்டுபோனான். உள்ளே மெல்லிய சத்தம். கீச்கீச்சென்று இல்லை, அதற்கும் முந்தின சத்தம். அடைகாக்கும் கோழியின் வயிற்றடியிலிருந்து எடுத்த முட்டை அது. இன்றைக்கோ நாளைக்கோ குஞ்சு பொரிக்க வேண்டியது. சந்தனத்தின் ஓரத்தை விரலால் தடவினான். அடியில் ஓடு கீறியிருந்தது. குஞ்சு கொத்தத் தொடங்கிவிட்டது. காற்றுப் பட்டாலே பிளக்கக்கூடிய ஓடு. அதை மறைக்கத்தான் அந்த மங்கலம்.

இப்போது கீழே போய் முறையிட்டால், கீறியவன் இவன்தான் என்று பிரதானி சொல்வார். முறையிடாமல் போட்டாலும் உடையும். உலகுடையானின் கால்கள் படியில் நின்றுவிட்டன. முள்காடு கண்ணுக்குத் தெரிந்தது.

"உள்ள உசிரு இருக்கு" என்றாள் பூவாத்தா, முட்டையில் காதை வைத்து.

அவள் அதைச் சொன்ன பிறகு, எல்லையைப் பற்றியும் முள்காட்டைப் பற்றியும் பிள்ளைகள் ஒருவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. செவத்தான் கூண்டைப் படியிலேயே வைத்துப் பிரித்தான். "தூளி இறுக்கமா இருக்கு. குஞ்சை நெரிக்கும்."

"கீறல் மேல இருக்கணும். மூச்சுக்கு" என்றாள் காத்தாயி. தூளியைத் தளர்த்தி, அடியில் மட்டும் வைக்கோலை உதறி வைத்து, குங்குமப் பக்கம் மேலே வரும்படி படுக்க வைத்தாள். "கூண்டுக்கு அடியில இன்னும் ரெண்டு அடுக்கு மெல்லிசு மூங்கி வேணும், செவத்தான்." உதவுமே என்று கொண்டுவந்த பிளாச்சுகளை அவன் வளைத்துக் கட்டினான். கட்டி முடித்து அடிப்பக்கத்தை விரலால் தட்டினான். தலையை ஆட்டினான்.

உச்சிக்கு வந்தார்கள். முரசின் பக்கத்தில் செவத்தானின் தகப்பன் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மகனைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று உத்தரவு.

காத்தாயி விளிம்புக்குப் போகாமல் நின்றாள். அந்த உச்சிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. முன்பு இருந்தது, மார்பளவு. போன திருவிழாவின்போது ராஜா அங்கே நின்று தரிசனம் கொடுத்தார். கீழே நிற்கிற குடிகளுக்குத் தாம் தலை முதல் கால் வரை தெரிய வேண்டும் என்று சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள். திருவிழா முடிந்தது, சுவரை மறுபடி எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை. இளவரசன் இறந்த பிறகு எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் யார் போய்ச் சொல்வது? சுவரைப் பற்றி வாயெடுத்தால், அதை இடிக்கச் சொன்னவரைப் பற்றிச் சொன்னதாகும். உலகுடையானும் அந்த மூன்று மாதம் அதைப் பற்றிப் பேசாதவர்களில் ஒருவன்தான்.

"நான் போடுறேன்" என்றான் செவத்தான்.

வயிறு தரையில் பட ஊர்ந்து விளிம்புக்குப் போனான். காத்தாயி அவன் கால்களைப் பிடித்துக்கொண்டாள். உலகுடையான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பூவாத்தா உலகுடையானின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். பையனின் உடம்பு நடுங்கியது காத்தாயி வழியாக உலகுடையானின் கைக்கு வந்தது.

கையை விட்டான்.

கூண்டு சில கணம் கல்போல் இறங்கியது. பிறகு ஓலை வால் விரிந்து காற்றைப் பிடித்தது. சுற்றியது. சுற்றிச் சுற்றி இறங்கிக் கல்லில் மோதியது. மூங்கில்கள் முறியும் சத்தம் கோபுர உச்சி வரை கேட்டது. கீழே ஒரு பெண் ஓவென்று அழுதாள்.

அவர்கள் இறங்கி வருவதற்குள் பிரதானி கூண்டைப் பிரித்திருந்தார். முட்டையின் ஓடு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"முட்டை உடைந்துவிட்டது, பிரபு" என்றார் பிரதானி. குரலில் வருத்தம் போதுமான அளவு இருந்தது. "தங்கள் கட்டளைப்படி, உடைத்தவர்கள் எல்லையைத் தாண்ட வேண்டும்."

ராஜா கூண்டைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகுடையான் குனிந்தான். ஓட்டின் கீழ்ப்பாதியில், ஈரமாக, கண் மூடி, ஒரு குஞ்சு கிடந்தது. அசையவில்லை. பூவாத்தா அதன் மேல் வாயை வைத்து ஊதினாள். வயிறு ஏறி இறங்கியது. பிறகு ஒரு கால் உதறியது. ஒட்டிக்கொண்டிருந்த ஓட்டுத் துண்டு தெறித்து விழுந்தது.

உலகுடையான் எழுந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டி, சபையில் நிற்பது போல் நின்றான். மூன்று மாதமாகத் தொண்டையைப் பிடித்திருந்த கை அந்த நேரம் பார்த்து விட்டுவிட்டது.

"பிரபு, தங்கள் வாக்கு பொய்யாகக் கூடாது. முட்டையை உடைத்தவர் யாராக இருந்தாலும் நாடு கடத்த வேண்டும். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம்."

ராஜா தலையைத் திருப்பினார்.

"வெளியே இருந்த யாரும் இந்த முட்டையை உடைக்கவில்லை. உள்ளே இருந்த இவர்தான் உடைத்திருக்கிறார். அதுவும் இன்று தொடங்கிய வேலை இல்லை, பிரபு. பிரதானியார் தட்டில் வைத்துக் கொண்டுவந்தபோதே கொத்திக்கொண்டுதான் இருந்தார். சந்தனத்துக்கு அடியில் கீறல் இருக்கிறது, தாங்களே பார்க்கலாம். ஆயுதமும் கிடைத்திருக்கிறது, இதோ மூக்கு. இவருக்கு வயது போதாது என்று இரக்கம் காட்ட வேண்டாம். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இரக்கம் காட்டும் வழக்கம் இப்போது இல்லை."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் அதன் கனம் உலகுடையானுக்கே தெரிந்தது. ராஜா குனிந்து சந்தனம் ஒட்டிய ஓட்டை எடுத்தார். கீறலை விரலால் தடவினார். பிரதானியைப் பார்த்தார். பிறகு குஞ்சைப் பார்த்தார். அது எழுந்து நிற்கப் பார்த்து, முன்னால் விழுந்து, மறுபடி எழுந்து, விசாரணைக்குத் தயார் என்பது போல் அவர் காலடியில் நின்றது.

ராஜாவின் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் எடுத்துவர ஓடினார். அது சிரிப்பு. பழக்கம் விட்டுப்போன சிரிப்பு, தடுக்கித் தடுக்கி வந்தது. கண்ணிலிருந்தும் வந்தது. அவர் துடைக்கவில்லை.

"தீர்ப்பு தீர்ப்புத்தான்" என்றார். "குற்றவாளி எல்லையைத் தாண்டட்டும். ஆனால் தனியாக எப்படிப் போகும்?"

"தாயிடமிருந்து பிரித்து அழைத்து வந்தவர் பிரதானியார்தான், பிரபு. தாய் ஸ்தானத்தில் இப்போது அவர்தான் இருக்கிறார்."

"அப்படியானால் அவரே கூடப் போகட்டும். இது வளர்ந்து முட்டையிடும் வரை அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும்."

"சேவலாக இருந்துவிட்டால், பிரபு?"

"முட்டையிடும் வரை என்று சொன்னேன்" என்றார் ராஜா.

இரண்டு காவலர்கள் வந்து பிரதானியின் பக்கத்தில் நின்றார்கள். குஞ்சை அவர் கையில் கொடுத்தபோது அது கீச்சென்று கத்தியது. ஊரில் இருந்தவர்கள் அப்போதுதான், பயந்து பயந்து, சிரிக்கத் தொடங்கினார்கள்.

*

ராஜா தம் தோளில் இருந்த சால்வையை எடுத்து உலகுடையானுக்குப் போர்த்தினார். "என்ன வேண்டும், கேள்" என்றார்.

"முட்டையைக் காத்தது நான் இல்லை, பிரபு. அவர்களைக் கேளுங்கள்."

ராஜா அன்றுவரை அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர்களைப் பெற்றவர்கள் அதற்குள் ஓடிவந்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ராசா" என்றாள் காத்தாயி, தாயின் கையிலிருந்து விலகி. "இப்பிடி ஒரு கூண்டு இருந்திருந்தா சின்ன ராசா பொழைச்சிருப்பாங்களான்னு கேப்பீங்க. பொழைச்சிருக்க மாட்டாங்க. முட்டைக்கு இம்புட்டு மூங்கின்னா ஆளுக்கு ஒரு காடே வேணும். கீழ எதைக் கட்டுறதுன்னே நாங்க இத்தன நாளும் யோசிச்சோம். இன்னைக்கு மேல போனப்பதான் தெரிஞ்சுது. மேல ஒரு சுவரு இருந்திருந்தா விழுந்தே இருக்க மாட்டாங்க."

உலகுடையான் கண்ணை மூடிக்கொண்டான். பேசக் கூடாததை அவள் பேசிவிட்டாள். இனி எந்த விகடமும் இதை மூடாது.

ராஜாவின் குரல் கேட்டது.

"இருந்தது. நான்தான் இடிக்கச் சொன்னேன்."

பிறகு அவர் யாரையும் கூட வரச் சொல்லாமல் அரண்மனைக்கு நடந்து போனார். மறுநாள் காலையில் கொத்தர்கள் வந்தபோது அவர் கோபுரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். முதல் கல்லைத் தாமே தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறினார். வழியில் இரண்டு இடத்தில் நின்றார். வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் கொடுக்கவில்லை.

சுவர் எழும்பியது. ஊர்ப் பிள்ளைகள் மறுபடி கோபுரத்தில் ஏறத் தொடங்கினார்கள். பழைய யானைக் கொட்டாரத்தின் கதவைக் கழற்றிவிட்டார்கள். உள்ளே இருந்த வைக்கோலையும் மூங்கிலையும் மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். முட்டை போட்டுப் பார்க்க வருகிற பிள்ளைகள் நாளுக்கு நாள் கூடினார்கள். உலகுடையானும் போய் ஓரமாக உட்காருவான். 'எந்தப் பக்கம் உடைஞ்சிருக்கு பாரு' என்பதைத் தவிர அவன் எதுவும் சொல்லிக் கொடுத்ததாக யாரும் சொல்லவில்லை. ராஜா அதன் பிறகு அடிக்கடி சிரித்தார் என்றும் சொல்வதற்கில்லை.

ஒரு நாள் மாலை அவர் தனியாகக் கொட்டாரத்துக்கு வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றன. உட்காரச் சொன்னார். தாமும் வைக்கோலில் உட்கார்ந்து, ஒரு கூண்டு கட்டக் கற்றுத்தரக் கேட்டார். காத்தாயி மூங்கிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் கையைப் பிளாச்சு இரண்டு தடவை கிழித்தது. கட்டி முடித்ததும் எல்லோருமாகக் கோபுரத்தில் ஏறினார்கள். புதுச் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி அவரே போட்டார்.

இறங்கிப் போய்ப் பிரித்தால் உள்ளே உடைந்திருந்தது. ராஜா அந்தக் கல்லின் பக்கத்திலேயே மண்டியிட்டு, கையில் வழிகிற முட்டையோடு இருந்தார். பூவாத்தா அவர் தோளைத் தொட்டாள்.

"பரவால்ல ராசா. மொத முட்டை எல்லாருக்கும் ஒடையும்."

ராஜா அந்தச் சின்னப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் பயமும் இல்லை, இரக்கமும் இல்லை. தெரிந்ததைச் சொன்ன முகம் மட்டும் இருந்தது. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கூண்டைப் புரட்டினார்.

"எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது, பார்" என்று அவளிடம் கொடுத்தார்.